நாற்றங்கால்

நுழையும்முன்

பள்ளியில் விடை கேட்கப்படுகிறது; கல்லூரியிலும் பெரும்பாலும் விடையே கேட்கப்படுகிறது. விடை எவருக்கும் தெரியாத வினாவொன்றை முதன்முதலாக ஒரு மாணவரின் கையில் ஒப்படைக்கும் இடம் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத்துறை. அங்கே ஆசிரியருக்கும் விடை தெரியாது. அவ்விருவரும் சேர்ந்து தேடும் தேடல் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, அத்தேடலில் கிடைப்பது யாருக்கு உரியது என்பன பற்றிய கட்டுரை இது.

ஒரு சொல்லின் வேர்

வயல் முழுவதும் நேராக விதைத்துவிடாமல், ஒரு மூலையில் சிறு பாத்தி கட்டி, நெருக்கமாக விதைத்து, முளைத்து வளர்ந்த நாற்றைப் பறித்து நடுவது தமிழக உழவர் நன்கறிந்த முறை. அச்சிறு நிலத்திற்கு நாற்றங்கால் என்று பெயர். ஆங்கிலத்தில் செமினார் என வழங்கும் சொல்லின் வேரும் அதுவே. இலத்தீன் மொழியில் விதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, நாற்றுப்பண்ணையைச் சுட்டி, பின்பு சமயக் குருமாரைப் பயிற்றும் கல்விக்கூடத்தைச் சுட்டி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களுக்குள் அச்சொல் நுழைந்தது.

தமிழில் அதனைக் கருத்தரங்கம் என்கின்றனர். கருத்தரங்கம் என்றவுடன் இன்று பலர் கண்முன் தோன்றுவன துணிப்பதாகை, குத்துவிளக்கு, பொன்னாடை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் கட்டுரை வாசிப்பு, மாலையில் வரிசையில் நின்று பெறும் சான்றிதழ் ஆகியனவே. இங்கே பேசப்படுவது அதுவன்று. ஒரு மேசை, அதனைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களுள் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த கட்டுரை, அதன் ஒவ்வொரு வரிக்கும் சான்று கேட்கக் காத்திருக்கும் மற்றவர்கள். அச்சொல்லின் பழைய பொருள் இதுதான்.

இம்முறையின் உயிர்நிலையைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வேறொரு வகையாகக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு நன்றாக மனங்கொண்டாலும் மாணவர்க்கு வாய்ப்பது காற்பங்குப் புலமை. உடன் பயில்வோரொடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு வாய்க்கும். எஞ்சிய அரைப்பங்கு, தாமே பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும். விரிவுரையை மட்டும் கேட்டுக் குறிப்பெடுத்துத் தேர்வெழுதிப் பட்டம் பெறுவோர் காற்பங்குக் கல்வியோடு வெளியேறுகின்றனர் என்பது இக்கணக்கிலிருந்து தானே பெறப்படும்.

மேசையும் ஆய்வுக்கூடமும்

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1730களின் இறுதியில் யோகான் மத்தியாஸ் கெஸ்னர் என்பார் கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்க இத்தகைய அமைப்பைத் தொடங்கினார். 1787இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப் மற்றொன்றை நிறுவினார். 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றிய வில்ஹெல்ம் பொன் ஹம்போல்ட், உயர்கல்வியில் ஆசிரியர் மாணவருக்காக இருப்பவரல்லர், இருவரும் அறிவுக்காக இருப்பவர்கள் என்ற கருத்தை முன்வைத்தார். சொல்வதற்கு எளிதான இக்கருத்தை நடைமுறையில் காட்டியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் வரலாற்றறிஞர், மற்றவர் வேதியியல் அறிஞர்.

லியோபோல்ட் பொன் ராங்கே 1825இல் பெர்லினுக்கு வந்தார். அடுத்த பத்தாண்டுகளில் தம் வீட்டிலேயே சில மாணவர்களைக் கூட்டி இடைக்கால வரலாற்று ஆவணங்களைப் படிக்கச் செய்தார். அங்கே வரலாறு சொல்லப்படவில்லை. ஒரு குறிப்பு கையில் தரப்படும். இதனை எழுதியவர் யார்? நிகழ்ச்சியை நேரில் கண்டவரா, கேட்டு எழுதியவரா? எத்தனை ஆண்டு கழித்து எழுதினார்? யாரை மகிழ்விக்க எழுதினார்? இன்னொரு நூலைப் பார்த்துப் படியெடுத்தாரா? ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் இவ்வினாக்களின் அருமையை அறிவர். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே விந்தையான பிழை காணப்படுமாயின், ஒன்று மற்றொன்றின் படியாகவோ இரண்டும் ஒரே தாய்ச்சுவடியின் வழிவந்தனவாகவோ இருத்தல் வேண்டும். இரண்டு சான்றுகள் போலத் தோன்றியவை அப்போது ஒன்றாகிவிடும். ராங்கேயின் மாணவர்கள் பயின்றது இந்த ஐயத்தைத்தான். அவருள் ஒருவரான ஜார்ஜ் வைட்ஸ் பின்னர்க் கோட்டிங்கனில் தம் மாணவர்களைக் கூட்டி இதே பயிற்சியைத் தொடர்ந்தார். நாற்று வேறு வயலில் நடப்பட்டது.

யூஸ்டஸ் லீபிக் 1824இல் கீசன் என்னும் சிறு நகரத்தின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது அவருக்கு வயது 21. வேதியியல் அக்காலத்தில் பெரும்பாலும் மேடையில் ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் எட்டநின்று காணும் பாடமாக இருந்தது. லீபிக் மாணவர்களை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்து அவர்கள் கையிலேயே குடுவையைக் கொடுத்தார். கரிமப் பொருள்களில் உள்ள கார்பனின் அளவைக் கண்டறிய, ஐந்து குமிழ்களைக் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியை 1831இல் அவர் வடிவமைத்தார். பொருளை எரிக்கும்போது எழும் கார்பன் டை ஆக்சைடை அக்குமிழ்களிலுள்ள கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். கருவியின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்தால் போதும். மிகச் சிலரே செய்யக்கூடியதாயிருந்த பகுப்பாய்வை இக்கருவியால் பழகிய மாணவர் எவரும் செய்ய முடிந்தது. ஆய்வு என்பது மேதைகளுக்கு மட்டும் உரியது என்ற நிலை மாறியதற்கு இந்தக் கண்ணாடிக் குமிழ்களும் ஒரு காரணம். பெருங்கருத்துகளைப் போற்றும் நூல்கள் இத்தகைய சிறு கருவிகளை எளிதில் மறந்துவிடுகின்றன.

லீபிக் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒவ்வொரு மாணவரிடமும் முன்னாள் என்ன செய்தார், இன்று என்ன செய்ய எண்ணுகிறார் என்று கேட்பார். உடன்படுவார், அல்லது மறுப்பார். அதன்பின் வழியைக் கண்டுகொள்வது மாணவர் பொறுப்பு. ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டேயிருந்ததால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். ஹோப்மன், கெக்குலே போன்ற பெயர்கள் அக்கூடத்திலிருந்து புறப்பட்டவையே. இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளைஞர்கள் அச்சிறு நகரத்தைத் தேடி வந்தனர்.

அமெரிக்கா இம்முறையைத் தன் மண்ணிலும் பயிரிட்டது. யேல் 1861இல் அந்நாட்டின் முதல் முனைவர் பட்டங்களை வழங்கியது. 1876இல் பால்டிமோர் நகரில் தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆய்வுப் பயிற்சியையே தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. இங்கிலாந்து மிகவும் தயங்கியது. ஆக்ஸ்போர்டு முனைவர் பட்டத்தை ஏற்றது 1917இல்தான்.

சாத்தப்பட்ட கதவு

எல்லாரும் சமமாக அமர்ந்து வினவும் மேசை என்று இதுவரை சொல்லப்பட்டதில் ஒரு பெருங்குறை உண்டு. அம்மேசையருகே பெண்களுக்கு நாற்காலி இல்லை.

மார்த்தா கேரி தாமஸ் 1877இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். ஆனால், வகுப்புகளிலும் கருத்தரங்குகளிலும் ஆண்களோடு அமர அவர் அனுமதிக்கப்படவில்லை. கருத்தரங்கில் அமராமல் ஆய்வு பயில்வது, குளத்தில் இறங்காமல் நீந்தப் பழகுவது போன்றது. ஓராண்டில் விலகினார். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் அவரை வகுப்பில் அமரவிட்டது. பெண்ணுக்குப் பட்டம் தர மறுத்தது. இறுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகம் 1882இல் உயர்சிறப்புடன் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. பிற்காலத்தில் பிரின் மார் மகளிர் கல்லூரியின் தலைவராக 1894 முதல் 1922 வரை விளங்கினார்.

அதே ஹாப்கின்ஸில் கணிதமும் தருக்கமும் பயின்ற கிறிஸ்டின் லேட் என்பாரின் நிலை இன்னும் விந்தையானது. பட்டத்திற்குரிய பணி அனைத்தையும் 1882இல் அவர் முடித்துவிட்டார். பட்டம் வழங்கப்பட்டது 1926இல். இடைப்பட்ட 44 ஆண்டுகளில் அந்த ஆய்வேட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. பட்டம் தருவோரின் மனம் மாறுவதற்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

கோட்டிங்கனில் எம்மி நோதர் சில ஆண்டுகள் டேவிட் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை ஊதியமின்றி நடத்தினார். 1933இல் நாஜி அரசு அவரைப் பணியிலிருந்து நீக்கியபின்பும் மாணவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துக் கணித உரையாடலைத் தொடர்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று அவர் பணியேற்ற இடம், கேரி தாமஸ் வளர்த்த அதே பிரின் மார் கல்லூரி.

மூன்று அறிக்கைகள்

ஆய்வுமாணவருக்கு வழிகாட்டுபவரைத் தமிழில் நெறியாளர் என்பர். அருமையான சொல். ஆயினும் நெறியே இல்லாத காட்டில் தனக்கென ஒரு தடம் வகுத்துக்கொண்டு வந்து நிற்கும் மாணவரிடம் நெறியாளர் என்ன செய்தல் வேண்டும்?

சீனிவாச இராமானுஜன் பட்டம் பெறாதவர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்களில் தேறாமற் போனவர். 1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுகளுக்கு அவருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அதுவரை சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அன்றுமுதல் கணிதத்தையே தொழிலாகக் கொண்டார். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வின் முன்னேற்றம் குறித்து அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் அவர் அத்தகைய அறிக்கைகள் மூன்றை அளித்தார். இன்று இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என வழங்கப்பெறும் முடிவு அவ்வறிக்கைகளில்தான் உள்ளது. அலுவலக நடைமுறைக்காக எழுதப்படும் காலாண்டு அறிக்கைகளில் இத்தகைய பேறு பெற்றவை வேறு உளவோ என்பது ஐயமே.

1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் வந்தடைந்த இராமானுஜனை வழிநடத்தும் பொறுப்பு ஹார்டியினுடையது. மாணவருக்குத் தெரிந்தவை வியப்பூட்டின; தெரியாதவையும் அதேயளவு வியப்பூட்டின. ஒரு முடிவு உண்மை என்று காண்பது வேறு, அதனை ஐயமற மெய்ப்பிப்பது வேறு என்ற வேறுபாடு இராமானுஜனிடம் தெளிவாக இல்லை. எல்லாவற்றையும் அடிப்படையிலிருந்து முறையாகக் கற்குமாறு வற்புறுத்தினால், அவருக்குள் ஊறிக்கொண்டிருந்த ஊற்று அடைபட்டுவிடும் என ஹார்டி அஞ்சினார். கற்பிக்காமலும் விட இயலாது. ஆகவே, தேவையானதைத் தேவையான அளவு மட்டும் கற்பித்தார். தாம் கற்பித்ததைவிட அவரிடமிருந்து தாம் கற்றதே மிகுதி என்று பின்னாளில் எழுதினார். ஒரு நெறியாளர் பெறக்கூடிய பெருமை இதனினும் உயர்ந்ததாக இருக்க இயலாது.

1916இல் இராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் ஆய்வின் வழி இளங்கலைப் பட்டம் அளித்தது. அதற்குரிய கட்டுரை மிகுபகு எண்களைப் பற்றியது. 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்கிற்கு மேல் வகுஎண்கள் இல்லை. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்களை உடைய இத்தகைய எண்களின் அமைப்பை அவர் ஆராய்ந்தார். 24, 36, 48 என அவ்வரிசை செல்லும். ஏன் அவை அங்கங்கே நிற்கின்றன என்பதற்கு விடை காண்பதே ஆய்வு. இவ்வரிசையின் முதற் சில எண்களைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் தாமே கண்டுவிடலாம்.

கிரேக்கம் கற்றவரின் தமிழ் மாணவர்கள்

நெறியாளர் மாணவரின் துறையிலேயே ஊறியவராக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் ஒரு சான்று. அங்கே ஜார்ஜ் தாம்சன் என்னும் கிரேக்க இலக்கிய அறிஞர் இருந்தார். இலங்கையிலிருந்து சென்ற க. கைலாசபதி அவரிடம் ஆய்வு மேற்கொண்டு, சங்கப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய பிறமொழி வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். அவ்வாய்வு 1968இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. அதே தாம்சனிடம் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்தார். புறநானூற்றுப் பாணரைக் கிரேக்கப் பாடகரின் அருகில் நிறுத்திப் பார்க்கும் பார்வையைக் கொடுத்தது அந்த மேசை. அதன் முடிவுகளை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றும் விவாதிக்கின்றனர். விவாதம் தொடர்வதே ஆய்வு உயிரோடிருப்பதன் அடையாளம்.

தாளில் ஒரு கிறுக்கல்

ஜோசலின் பெல் வட அயர்லாந்தைச் சேர்ந்தவர். 1965இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவராகச் சேர்ந்தார். நெறியாளர் ஆண்டனி ஹியூவிஷ், தொலைதூர வானொலி மூலங்களான குவாசார்களை ஆராய ஒரு வானொலித் தொலைநோக்கி அமைக்கத் திட்டமிட்டிருந்தார். தொலைநோக்கி என்றவுடன் கண்ணாடி வில்லையை எண்ணுதல் கூடாது. ஏறத்தாழ நான்கரை ஏக்கர் நிலத்தில் கம்பங்களை நட்டு, கம்பிகளை இழுத்துக் கட்டிய அலைவாங்கி அது. மாணவர்கள் சம்மட்டியேந்தி ஈராண்டுகள் உழைத்து அதனை எழுப்பினர். 1967இல் அது இயங்கத் தொடங்கியது.

வானிலிருந்து வரும் குறிகைகளை ஓர் எழுதுகோல் தாளில் கோடாக வரைந்துகொண்டே செல்லும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 அடி நீளத் தாள். அதனைக் கணினி படிக்கவில்லை. பெல் தம் கண்ணால் படித்தார். இது குவாசார், இது மண்ணுலகத்து மின்கருவிகளின் இடையூறு என அடையாளமிட்டுச் சென்றவர், அந்த ஆண்டு ஆகஸ்டில், இரண்டிலும் சேராத சிறு கிறுக்கலொன்றைக் கண்டார். ஓர் அங்குலத்திற்கும் குறைவான இடத்தில் அது இருந்தது. முன்னரும் இதனைப் பார்த்ததாக நினைவு. பழைய சுருள்களைப் பிரித்துத் தேடினார். அதே வானப்பகுதியில் அதே கிறுக்கல் இருந்தது. மனிதர் வைத்த கருவியாயின் கடிகார நேரத்தைப் பின்பற்றும். இதுவோ விண்மீன்களைப் போல ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாகத் தோன்றியது.

விரைவாக ஓடும் தாளில் பதிந்து பார்க்க முனைந்தபோது குறிகை மங்கி மறைந்துவிட்டது. அவர் நாள்தோறும் சென்று காத்திருந்தார். நவம்பர் 28 அன்று அது மீண்டும் வந்தது. 1.33 நொடிக்கு ஒருமுறை, நாடித்துடிப்புப் போலச் சீராக. தொலைபேசியில் செய்தி கேட்ட நெறியாளர், அப்படியாயின் அது மனிதர் உண்டாக்கியதாகத்தான் இருக்கும் என்றார். எனினும் மறுநாள் தாமே வந்து நின்று பார்த்தார். ஐயுறுவதும் வந்து பார்ப்பதும் நெறியாளரின் கடமைகள். இரண்டையும் அவர் செய்தார். வேற்றுலகத்தார் அனுப்பும் செய்தியோ என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டனர். டிசம்பரில் வானின் வேறொரு பகுதியில் இரண்டாவது துடிப்பைப் பெல் கண்டபோது அப்பேச்சு ஓய்ந்தது. பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்கள் இவ்வாறு கண்டறியப்பட்டன. அவரது ஆய்வேட்டின் பொருளோ குவாசார்கள். ஆதலின் அந்நூற்றாண்டின் பெருங்கண்டுபிடிப்புகளுள் ஒன்று அவ்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற்றது.

1974ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் வழங்கப்பட்டது. பெல்லின் பெயர் இல்லை. வானியலாளர் பிரெட் ஹாயில் வெளிப்படையாகவே கண்டித்தார். பெல் முறையிடவில்லை. மிக அரிய சூழல்களில் அன்றி ஆய்வுமாணவர்க்கு நோபல் பரிசு தருவது அப்பரிசின் மதிப்பைக் குறைக்கும் என்றும், தம் நிலை அத்தகையதன்று என்றும் கூறினார். அவருடைய பெருந்தன்மை வேறு, நியாயம் வேறு. கருவியை வடிவமைத்தவரும் வினாவை வகுத்தவரும் நெறியாளரே என்பது உண்மை. ஆனால், அந்த வினாவுக்கு இக்கிறுக்கல் தேவையேயில்லை. அதனைக் குப்பையென ஒதுக்கியிருந்தால் எவரும் பெல்லைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆய்வேடும் உரிய நாளில் முடிந்திருக்கும். தம்மிடம் ஒப்படைக்கப்படாத வினாவை அவர் தாமே எழுப்பினார் என்பதை எந்தக் கணக்கில் வைப்பது? பரிசுக் குழு அதற்கென ஒரு பத்தி வைத்திருக்கவில்லை.

2018இல் 30 இலட்சம் டாலர் மதிப்புள்ள சிறப்புப் பரிசொன்று பெல்லுக்குக் கிடைத்தது. இயற்பியல் ஆய்வில் போதிய இடம்பெறாத பிரிவுகளைச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்க்கு உதவித்தொகையாக அதனை முழுவதும் வழங்கிவிட்டார்.

அவையின் முன்

ஆய்வேடு எழுதிமுடித்தபின் வாய்மொழித்தேர்வு உண்டு. நாட்டுக்கு நாடு அதன் கோலம் மாறும். இங்கிலாந்தில் மூடிய அறைக்குள் தேர்வாளர் இருவர் வினவுவர். சுவீடனில் ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டிப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் பழைய வழக்கம் இன்றும் உண்டு. தேர்வு நாளில் எதிர்வாதம் செய்வதற்கென்றே ஓர் அறிஞர் வெளியிலிருந்து அழைக்கப்படுவார். பின்லாந்தில் முனைவர்க்குத் தொப்பியும் வாளும் உரியன. கோட்டிங்கனில் புதிய முனைவர்கள் நகரச் சதுக்கத்துக்குச் சென்று, வாத்துகளோடு நிற்கும் சிறுமியின் சிலைக்கு முத்தமிடுவர்.

தமிழுக்கு இது புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், குற்றமற ஆராய்ந்து ஏற்கப்பட்டது என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் என்ற சொல்லே அவையோர் வினவ, ஆசிரியர் விடையிறுக்கும் நிகழ்வைக் குறித்ததுதான்.

தமிழகப் பல்கலைக்கழகங்களில் இத்தேர்வு பொதுத்தேர்வாக நிகழ்கிறது. நாள், நேரம், தலைப்பு ஆகியன முன்கூட்டியே அறிவிக்கப்படும். ஆய்வாளர் தம் முடிவுகளை எடுத்துரைப்பார், புறத்தேர்வாளர் வினவுவார். அதன்பின் அவையினர் வினவலாம் என்று அறிவிப்பர். பெரும்பாலான அரங்குகளில் அந்த இடைவெளி அமைதியில் கழிந்து, தேநீர் வந்துவிடுகிறது. சில அரங்குகளில் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்கிறது. ஆய்வாளர் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு அவ்வினாவைக் கேட்கத் தொடங்குகிறார்.